பிரிட்டனில் படித்துக்கொண்டே பார்ட் டைம் வேலை: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

ஷெஃபீல்டில் ஒரு வருட மாஸ்டர்ஸ் முடித்துச் சில வருடங்கள் ஆகின்றன. ஆகஸ்ட் பிறந்தால் போதும், என் வாட்ஸ்அப்பில் அதே கேள்விகள் புதுப்புது எண்களிலிருந்து வந்து விழும். தங்கையின் தோழி, அத்தை வீட்டுக்கு எதிர்வீட்டுப் பையன், அவனுடைய ரூம்மேட். ஒரே பதிலைக் குரல் பதிவாக அனுப்பி அலுத்துவிட்டதால் எழுதி வைத்துவிட்டேன். மாணவர் விசாவில் முழுநேரப் பட்டப்படிப்புக்கு வருகிறவர்களுக்கான பதில்கள் இவை. தொகைகள் 2026 ஏப்ரல் நிலவரப்படி.

அக்கா, பார்ட் டைம் பார்த்தே ஃபீஸ் கட்டிடலாம்னு கன்சல்டன்சியில சொல்றாங்க. நிஜமா?

இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 21 வயது நிரம்பியவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் 2026 ஏப்ரலிலிருந்து மணிக்கு 12.71 பவுண்டு. வாரம் 20 மணி நேரம்தான் அனுமதி. ஆக வாரத்துக்கு 254 பவுண்டு, மாதத்துக்குச் சுமார் 1,100. விசா கொடுக்கும்போது அரசாங்கம் என்ன சொல்கிறது? லண்டனுக்கு வெளியே ஒரு மாணவர் வாழ மாதம் 1,171 பவுண்டு, லண்டனில் 1,529 பவுண்டு வேண்டும், ஒன்பது மாதத்துக்கான தொகையை வங்கிக் கணக்கில் காட்டு என்கிறது. ஒரு வாரம் விடாமல் உச்சவரம்பு வரை உழைத்தாலும் அவர்களே போட்ட வாழ்க்கைச் செலவை நீங்கள் எட்டவில்லை. இதில் ஃபீஸ் எங்கிருந்து வரும்?

அறையைப் பங்கிட்டு, வீட்டிலேயே சமைத்தால் செலவு அதைவிடக் குறையும் என்பது உண்மைதான். சாப்பாட்டையும் வாடகையில் ஒரு பெரும் பங்கையும் பார்ட் டைம் பார்த்துக்கொள்ளும். அதற்கு மேல் அதன் மீது பாரம் ஏற்றக் கூடாது. விசாவுக்காகக் கைமாற்று வாங்கி 28 நாள் கணக்கில் வைத்துக் காட்டிவிட்டு, விமானம் ஏறுமுன் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். நவம்பர் மாதத்திலேயே கையில் காசில்லாமல், எந்த வேலையானாலும் எவ்வளவு நேரமானாலும் சரி என்று நின்றவர்கள் அவர்கள்தான். கீழே வரும் சிக்கல்களில் பாதி அந்த நிலைமையில்தான் ஆரம்பிக்கிறது.

வாரத்துக்கு 20 மணி நேரம் எல்லாருக்குமா?

பட்டப்படிப்பு நிலையிலோ அதற்கு மேலோ முழுநேரமாகப் படிப்பவர்களுக்கு, வகுப்புக் காலத்தில் 20. பட்டப்படிப்புக்குக் கீழான நிலையில் படித்தால், உதாரணமாக ஃபவுண்டேஷன் படிப்பு, 10 மணி நேரம்தான். பகுதிநேரப் படிப்பு என்றால் வேலைக்கே அனுமதி இல்லை. உங்களுக்கு எது என்பது, இணையத்தில் இருக்கும் உங்கள் விசாப் பதிவான ஈ-விசாவிலேயே இருக்கும். ரூம்மேட்டுக்கு என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து முடிவுக்கு வராதீர்கள்.

இந்த வாரம் 15, அடுத்த வாரம் 25. சராசரி 20தானே வருது?

சராசரிக் கணக்கே கிடையாது. திங்கட்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை முடியும் ஏழு நாள்தான் ஒரு வாரம். அதற்குள் 20ஐத் தாண்டினால் தாண்டியதுதான். போன வாரம் மிச்சம் வைத்ததை இந்த வாரம் சேர்த்துக்கொள்ள முடியாது.

நிறையப் பேர் இடறுவது ஞாயிறு இரவு ஷிஃப்டில். ஞாயிறு இரவு 10 மணிக்குத் தொடங்கித் திங்கள் காலை 6 மணிக்கு முடிகிற எட்டு மணி நேர ஷிஃப்டில், இரண்டு மணி நேரம் இந்த வாரம், ஆறு மணி நேரம் அடுத்த வாரம். சில கம்பெனிகளின் ரோட்டா, அதாவது ஷிஃப்ட் அட்டவணை, வெள்ளியிலோ ஞாயிறிலோ தொடங்கும். அவர்கள் ரோட்டாப்படி 20 சரியாக இருக்கும், திங்கள் முதல் ஞாயிறு கணக்கில் 24 வந்து நிற்கும். அதனால் வேலை பார்த்த நேரத்தை நீங்களே ஒரு நோட்டில் தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம் என்று எழுதி வையுங்கள். நான் முழு வருடமும் எழுதினேன். கொஞ்சம் அம்மாஞ்சித்தனமாகத் தெரியும், பரவாயில்லை. இன்னொன்று, 20 வரை போயே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. 16 என்று வைத்துக்கொண்டால், ‘இன்னும் ஒரு மணி நேரம் இருந்துட்டுப் போயேன்’ என்று சூப்பர்வைசர் கேட்கும்போது பதற வேண்டியதில்லை.

ரெண்டு இடத்துல வேலை பார்த்தா?

இரண்டும் சேர்த்து 20. ஒரு முதலாளிக்கு இன்னொருவரிடம் எத்தனை மணி நேரம் பார்க்கிறீர்கள் என்பது தெரியாமல் இருக்கலாம், ஆனால் இருவருமே உங்கள் சம்பளத்தை ஒரே வரித்துறைக்குத்தான் அனுப்புகிறார்கள்.

லீவுல முழு நேரம் செய்யலாம்ல? எனக்கு ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் வகுப்பே கிடையாது.

மாஸ்டர்ஸ் மாணவர்கள் விழும் மிகப் பெரிய பள்ளம் இதுதான். விடுமுறையில் முழுநேரம் வேலை செய்யலாம் என்பது சரி. ஆனால் விடுமுறை எது என்பதை வகுப்பு நடக்கிறதா இல்லையா என்பது தீர்மானிப்பதில்லை. நீங்கள் படிப்பு வேலை செய்ய வேண்டிய காலம் எல்லாமே வகுப்புக் காலம்தான். இளங்கலை மாணவர்களுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை உண்மையான கோடை விடுமுறை. ஒரு வருட மாஸ்டர்ஸ் மாணவருக்கு அதே மாதங்கள் டிசர்டேஷன் என்ற ஆய்வேடு எழுதும் காலம். ஆகவே அங்கேயும் அதே 20தான்.

ஒரே வீட்டில் பி.எஸ்ஸி. படிக்கும் தம்பியும் எம்.எஸ்ஸி. படிக்கும் அண்ணனும் இருந்து, தம்பி ஜூலையில் 40 மணி நேரம் பார்ப்பதைக் கண்டு அண்ணனும் கிளம்பினால் அண்ணனின் விசாவுக்குத்தான் ஆபத்து. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் இடைவெளிகள் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் மாஸ்டர்ஸ் மாணவர்களுக்கும் விடுமுறையாகவே இருக்கும். ஆனால் உங்கள் படிப்புக்கான தேதிகளைப் பல்கலைக்கழகத்திடம் கடிதமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்களை வேலைக்கு எடுக்கும் முதலாளிகள் அந்தத் தேதிகளுக்கான சான்றைக் கோப்பில் வைத்திருக்க வேண்டும் என்பதால் எப்படியும் கேட்பார்கள். பிஎச்.டி. என்றால் பொதுவான கோடை விடுமுறையே கிடையாது. மேற்பார்வையாளர் ஒப்புக்கொண்ட விடுப்பு நாட்கள்தான் விடுமுறை.

டிசர்டேஷன் சப்மிட் பண்ணிட்டேன். இப்ப முழு நேரம் போகலாமா?

சப்மிட் செய்த நாள் கணக்கில் வராது. பல்கலைக்கழகப் பதிவில் உங்கள் கோர்ஸ் முடியும் தேதி எது என்று பாருங்கள். ஆகஸ்ட் 20இல் கொடுத்துவிட்டு, கோர்ஸ் முடிவுத் தேதி செப்டம்பர் 15 என்று இருந்தால் அதுவரை 20தான். அதற்குப் பிறகு விசா முடியும் வரை முழுநேரம் பார்க்கலாம். ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும் படிப்புக்கு, கோர்ஸ் முடிந்தபின் நான்கு மாதம் விசா இருக்கும். நிரந்தர முழுநேர வேலைக்குக் கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் தனி விதிகள் இருக்கின்றன. அதற்கு முன் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

என்.ஐ. நம்பர் இன்னும் வரல. அது இல்லாம வேலைக்குச் சேர முடியுமா?

முடியும். என்.ஐ. என்கிற நேஷனல் இன்சூரன்ஸ் எண் வரிக் கணக்குக்கானது, வேலை செய்யும் உரிமைக்கான சான்று அல்ல. இங்கே வந்தபின் இணையத்தில் விண்ணப்பித்துவிட்டு, வேலையில் சேர்ந்துவிட்டு, எண் வந்ததும் முதலாளியிடம் கொடுத்தால் போதும். ‘எண் இல்லாவிட்டால் சேர்க்க முடியாது’ என்று சொல்லும் மேலாளர்கள் இருக்கிறார்கள். விவரம் தெரியாமல் சொல்கிறார்கள், பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

சேர்வதற்கு முன் அவர்களுக்குத் தேவை ஷேர் கோடு, அதாவது உங்களுக்கு வேலை அனுமதி உண்டா என்று அவர்கள் இணையத்தில் சரிபார்க்கும் குறியீடு. உங்கள் ஈ-விசா கணக்கில் நுழைந்து எடுக்க வேண்டும், 90 நாள் செல்லுபடியாகும். வேலைக்கான கோடு டபிள்யூ என்ற எழுத்தில் தொடங்கும். வீட்டு வாடகைக்கு எடுத்ததைக் கொடுத்தால் வேலைக்கு ஆகாது. சீனியர்கள் சொல்லும் பீ.ஆர்.பி. என்ற பழைய விசா அட்டை இப்போது வழக்கில் இல்லை. அவற்றின் காலம் 2024 டிசம்பர் 31ஓடு முடிந்துவிட்டது.

என்ன வேலைதான் கிடைக்கும்? எத்தனை நாள்ல கிடைக்கும்?

எங்கள் காலத்திலும் சரி, இப்போதும் சரி, அதே பட்டியல்தான்: உணவகம், சூப்பர்மார்க்கெட், கிடங்கு, ஓட்டல் அறை சுத்தம், முதியோர் பராமரிப்பு, விளையாட்டு மைதானங்களில் ஆட்ட நாளில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் ஸ்டூவர்ட் வேலை. பராமரிப்பு வேலைக்கு டி.பி.எஸ். என்ற குற்றப்பதிவுச் சோதனை உண்டு, அதனால் சேர நாளாகும். லண்டனில் ஈஸ்ட்ஹாம், வெம்பிளி, ஹாரோ, டூட்டிங் பக்கம் இருப்பவர்களுக்குத் தமிழ்க் கடைகளும் பெட்ரோல் பங்குகளும் உண்டு. மற்ற ஊர்களில் அந்த வசதி குறைவு.

கிடைத்தால் விடவே கூடாதது கேம்பஸ் வேலை. நூலகம், பல்கலைக்கழகத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டி, தேர்வுக் கண்காணிப்பு, மாணவர் சங்கக் கஃபே. சம்பளம் குறைந்தபட்சத்துக்குக் குறையாது, பரீட்சை வாரத்தில் ஷிஃப்ட் வேண்டாம் என்றால் முகம் சுளிக்க மாட்டார்கள், 20க்கு மேல் அவர்களே விட மாட்டார்கள். இவற்றுக்கான அறிவிப்பு செப்டம்பருக்கு முன்பே வரத் தொடங்கும் என்பதால் ஊரில் இருக்கும்போதே பல்கலைக்கழகத்தின் வேலைப் பக்கத்தைப் பாருங்கள். எத்தனை நாளில் என்று கேட்டால், எனக்கு ஏழு வாரம் ஆனது. கூட வந்த பெண்ணுக்கு மூன்றாம் நாளே கிடைத்தது, இன்னொருவனுக்கு ஜனவரி வரை கிடைக்கவில்லை. மூன்று மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள் என்பது அதனால்தான்.

நைட் ஷிஃப்ட் பார்த்துட்டு காலையில கிளாஸ் போயிடலாம்ல? பகல் எல்லாம் ஃப்ரீதான்.

டைம்டேபிளைப் பார்த்தால் பகல் எல்லாம் வெறுமையாகத்தான் தெரியும். வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேர வகுப்பு. நம் ஊர்க் கல்லூரியில் காலை முதல் மாலை வரை உட்கார்ந்து பழகியவர்களுக்கு இது விடுமுறை மாதிரி இருக்கும். ஆனால் இங்கே மாஸ்டர்ஸ் என்பது 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேரப் படிப்பு என்பது கணக்கு. மொத்தம் 1,800 மணி நேரம். அதை 45 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 40 மணி நேரம். வகுப்பு போக மீதி எல்லாம் நீங்களே உட்கார்ந்து வாசித்து, எழுதி முடிக்க வேண்டியவை. டிசர்டேஷன் மட்டும் வழக்கமாக 60 கிரெடிட், அதாவது 600 மணி நேரம். ஆக, படிப்பே ஒரு முழுநேர வேலை. அதன்மேல் 20 மணி நேரத்தை வைத்தால் வாரம் 60. போகவர பஸ், சமையல், துணி துவைப்பது எல்லாம் இதில் வரவில்லை.

நான் முதல் செமஸ்டரில் ஒரு கிடங்கில் இரவு ஷிஃப்ட் பார்த்தேன். வெள்ளி, சனி இரவு. வார இறுதிதானே என்று நினைத்தேன். ஞாயிறு முழுக்கத் தூங்கி, திங்கள் இரவு தூக்கம் வராமல், செவ்வாய் காலை செமினாரில் கண் செருகி, புதன்கிழமைதான் மனுஷியாக ஆவேன். மறுபடி வெள்ளி. வேலை செய்த 16 மணி நேரம் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது நான்கு நாள். முதல் அசைன்மென்டில் வெறும் 48 மதிப்பெண் வந்தபோதுதான் புரிந்தது. ஜனவரியில் அதை விட்டுவிட்டு நூலகத்தில் வாரம் 12 மணி நேரத்துக்குப் போனேன். வருமானம் குறைந்தது, படிப்பு பிழைத்தது.

இரவு வேலையே கூடாது என்று சொல்லவில்லை, சிலருக்கு உடம்பு ஒத்துக்கொள்ளும். ஆனால் வருகைப்பதிவை மறக்காதீர்கள். உங்கள் விசாவுக்குப் பொறுப்பேற்றிருப்பது பல்கலைக்கழகம். நீங்கள் தொடர்ந்து வகுப்புக்கு வராவிட்டால் அவர்கள் விசா கொடுக்கும் அரசுத் துறையான ஹோம் ஆஃபீஸுக்குத் தெரிவித்தாக வேண்டும், விசாவே ரத்தாகலாம். வேலை 20க்குள் இருந்தும் வருகைப்பதிவில் மாட்டியவர்கள் உண்டு.

கடைக்காரர் நம்ம ஊர்க்காரர்தான். கையில காசா மணிக்கு 7 பவுண்டு தர்றேன்னு சொல்றார். போகலாமா?

வேண்டாம். காசாகக் கொடுப்பது மட்டும் குற்றமாகாது. பேஸ்லிப் என்ற சம்பளச் சீட்டோடு, வரிக் கணக்கில் காட்டிக் கொடுத்தால் காசும் சம்பளம்தான். ஆனால் மணிக்கு 7 என்று பேசுகிறவர் பேஸ்லிப் கொடுக்கப்போவதில்லை. முதலில் பார்த்த 12.71, மாணவர், உள்நாட்டுக்காரர் என்று பேதமில்லாமல் 21 நிரம்பிய எல்லாருக்கும். 18 முதல் 20 வயதுக்கு 10.85. ‘பழகும் வரைக்கும் இது’ என்பதும் செல்லாது, பயிற்சி நேரமும் வேலை நேரமே. உங்களைச் சோதித்துப் பார்க்கச் சற்று நேரம் நிற்கச் சொல்வது வேறு. ஒரு வாரம் ‘ட்ரையல்’ என்று சம்பளமில்லாமல் வேலை வாங்கிக்கொள்வது வேறு.

இன்னொரு இழப்பு கண்ணுக்குத் தெரியாதது. முறையான வேலையில் விடுமுறைச் சம்பளம் உண்டு. மணிநேரம் மாறிமாறி வரும் வேலைகளில் அது வேலை செய்த நேரத்தில் 12.07 சதவீதம் என்று சேரும். 100 மணி நேரம் பார்த்தால் 12 மணி நேரச் சம்பளம் கூடுதல். வேலையை விடும்போது எடுக்காமல் மிச்சமிருக்கும் விடுமுறைக்குப் பணமாகத் தர வேண்டும். இத்தனை மணி நேரம் வேலை என்று உறுதி தராத ஜீரோ ஹவர் ஒப்பந்தத்துக்கும் இதே விதிதான். பலர் இதைக் கேட்பதே இல்லை.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டீர்கள் என்றால், ஏகாஸ் என்ற அரசு சார்ந்த ஆலோசனை அமைப்பை அழைக்கலாம், கட்டணமில்லை. குறைந்தபட்ச ஊதியம் தராததைப் பற்றி அரசிடமும் புகார் செய்யலாம். 20ஐத் தாண்டாதவர் இந்தப் புகாரைத் தைரியமாகச் செய்வார், தாண்டியவர் பயந்து வாயை மூடிக்கொள்வார். அந்தப் பயம்தான் சில முதலாளிகளுக்கு முதலீடு. ‘நம்ம பையன், உதவி பண்றேன்’ என்று சொல்லிக்கொண்டே செய்வார்கள்.

முதல் சம்பளத்துலயே டாக்ஸ் பிடிச்சுட்டாங்க. மாணவர்களுக்கு டாக்ஸ் கிடையாதுன்னு சொன்னாங்களே?

மாணவர் என்பதற்காக விலக்கு கிடையாது. எல்லாருக்கும் உள்ள விலக்கு உங்களுக்கும் உண்டு: ஒரு வரி ஆண்டில் 12,570 பவுண்டு வரை வருமான வரி இல்லை. வரி ஆண்டு என்பது ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை. செப்டம்பரில் வந்து அக்டோபரில் வேலை தொடங்கினால், அந்த ஏப்ரலுக்குள் 12,570ஐ எட்ட வாய்ப்பே இல்லை. அப்படியானால் பிடித்த வரி முழுவதும் உங்கள் பணம், திரும்ப வரும்.

ஏன் பிடித்தார்கள் என்றால், பெரும்பாலும் சேரும்போது கொடுத்த படிவத்தில் தவறான கட்டத்தை டிக் செய்திருப்பீர்கள். ‘இந்த வரி ஆண்டில் இது என் முதல் வேலை’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் அந்த விலக்கைத் தரும் 1257எல் என்ற வரிக் குறியீடு வரும். ‘இன்னொரு வேலையும் இருக்கிறது’ என்றால் பி.ஆர். வந்து முதல் பவுண்டிலிருந்தே 20 சதவீதம் போகும். பேஸ்லிப்பில் உங்கள் குறியீட்டைப் பாருங்கள். இணையத்தில் வரிக் கணக்கைத் திறந்து திருத்தலாம், அடுத்த சம்பளத்தோடு பெரும்பாலும் திரும்பிவிடும். வேலை மாறும்போது பழைய இடத்தில், அதுவரையிலான சம்பளமும் வரியும் எழுதிய பி45 தாளைக் கேட்டு வாங்குங்கள். நாட்டை விட்டே கிளம்பும்போது பி85 என்ற படிவம் நிரப்பினால் மிச்சத்தையும் கேட்கலாம். இதைச் செய்து தருகிறேன் என்று கமிஷன் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அரை மணி நேர வேலை அது, நீங்களே செய்யலாம்.

நேஷனல் இன்சூரன்ஸ் தனி. வாரம் 242 பவுண்டைத் தாண்டிய தொகைக்கு 8 சதவீதம். 20 மணி நேரம் முழுதாகப் பார்த்தால்கூட வாரத்துக்கு ஒரு பவுண்டுக்குள்தான். இது திரும்ப வராது, விட்டுவிடுங்கள்.

டெலிவரி ஆப்ல ஓட்டலாமா? ஃப்ரெண்டு அவன் அக்கவுன்ட்டை வாடகைக்குத் தர்றேங்கிறான்.

கூடாது. உணவு டெலிவரி ஆப்களில் ஓட்டுகிறவர்கள் சுயதொழில் செய்பவர்களாகவே பதிவாகிறார்கள். மாணவர் விசாவில் சுயதொழிலுக்கு அனுமதி இல்லை, ஒரு மணி நேரம்கூட. 20க்குள்தானே ஓட்டுகிறேன் என்பது இங்கே செல்லாது. அடுத்தவர் கணக்கில் ஓட்டுவது அதைவிட மோசம். அனுமதி இல்லாத வேலையோடு ஆள்மாறாட்டமும் சேர்கிறது. குடியேற்றத் துறை அதிகாரிகள் சாலையில் நிறுத்தியே சோதிக்கிறார்கள். 2016 குடியேற்றச் சட்டத்தின்படி அனுமதியின்றி வேலை செய்வது குற்ற வழக்கு, சம்பாதித்த பணத்தைப் பறிமுதல் செய்யவும் இடமுண்டு.

யூடியூப் சேனல், ஃப்ரீலான்ஸ் டிசைன், சென்னை கம்பெனிக்கு ரிமோட்ல வேலை? இதெல்லாம் இங்க வேலையே இல்லையே?

இங்கே உட்கார்ந்து செய்தால் இங்கே செய்த வேலைதான். சம்பளம் ரூபாயாக இந்தியக் கணக்கில் விழுவதால் மாறிவிடாது. பழைய கம்பெனி உங்களை ஊழியராகவே வைத்து ரிமோட்டில் வேலை கொடுத்தால் அந்த நேரமும் 20க்குள் அடங்க வேண்டும். ஃப்ரீலான்ஸ், வருமானம் வரும் சேனல், வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன், சொந்தமாக நடன வகுப்பு எல்லாம் சுயதொழில். மேலே டெலிவரிக்குச் சொன்னதே இவற்றுக்கும். கல்யாணங்களில் இன்னிசைக் குழுவோடு பாடப் போனவர் ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். தொழில்முறைக் கலைஞராகவும், விளையாட்டு வீரராகவும், பயிற்சியாளராகவும் வேலை செய்வதை இந்த விசா தனியாகவே தடுக்கிறது. ஊரில் இருக்கும் வீட்டின் வாடகை, வைப்புநிதி வட்டி போன்றவை வேலையில் சேராது.

கோயில்ல, தமிழ்ப் பள்ளியில சும்மா உதவி பண்ணா?

சும்மா என்பது எந்த மாதிரிச் சும்மா என்று பார்க்க வேண்டும். ஒப்பந்தம் இல்லாமல், வர முடிந்தால் வருகிறேன் என்று ஒரு தொண்டு அமைப்புக்குக் கைகொடுத்தால் அது சேவை, கணக்கில் வராது. சனிக்கிழமை 10 முதல் 2 வரை கட்டாயம் வர வேண்டும், இன்ன பொறுப்பு உங்களுடையது என்று ஊழியரைப்போல வைத்திருந்தால், சம்பளம் இல்லாவிட்டாலும் அது வேலை, 20க்குள் சேரும். கம்பெனிகளில் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பும் அப்படித்தான். கோர்ஸிலேயே மதிப்பெண்ணோடு சேர்ந்த பிளேஸ்மென்ட் என்ற பணிப் பயிற்சி மட்டும் விதிவிலக்கு, அது 20க்கு வெளியே.

கல்யாணமாகிடுச்சு. மனைவியைக் கூட்டிட்டுப் போனா அவங்க முழு நேரம் பார்க்கலாம்ல?

முன்பு அப்படித்தான் நிறையக் குடும்பங்கள் வந்தன. 2024 ஜனவரி 1க்குப் பிறகு தொடங்கும் படிப்புகளில், பிஎச்.டி. போன்ற ஆராய்ச்சிப் படிப்பாகவோ அரசு உதவித்தொகையில் வருவதாகவோ இருந்தால்தான் குடும்பத்தை அழைத்துவர முடியும். சாதாரண மாஸ்டர்ஸுக்கு இல்லை. இன்னும் பழைய கதையைச் சொல்லும் ஏஜென்டை நம்பாதீர்கள்.

பார்ட் டைம் பார்க்குற இடத்துலயே அப்புறம் ஸ்பான்சர் பண்ணுவாங்களாமே?

பெரும்பாலும் மாட்டார்கள், விதியும் இடம் தராது. முதலாளி ஸ்பான்சர் செய்து வாங்கும் வேலை விசாவான ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்குப் பொதுவான சம்பள வரம்பு 2025 ஜூலை 22 முதல் ஆண்டுக்கு 41,700 பவுண்டு. படித்து முடித்த புதியவர்களுக்கு 33,400. வேலையும் பட்டப்படிப்புத் தரத்தில் இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. கல்லாவில் நிற்பதும் சமையலறை உதவியும் அதில் வராது. ‘ஸ்பான்சர் லெட்டர் தர்றேன், இவ்வளவு கொடு’ என்று யாராவது கேட்டால் அங்கிருந்து நகருங்கள்.

படிப்பு முடித்தவர்கள் ஸ்பான்சர் இல்லாமலே தங்கி வேலை பார்க்க கிராஜுவேட் விசா இருக்கிறது. 2026 முடியும்வரை விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டு வருடம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பித்தால் 18 மாதம், பிஎச்.டி.க்கு மூன்று வருடம் அப்படியே. அதற்கு மாணவர் விசா முடிவதற்குள், பல்கலைக்கழகம் உங்கள் தேர்ச்சியை ஹோம் ஆஃபீஸுக்குத் தெரிவித்த பிறகு, இங்கிருந்தபடியே விண்ணப்பிக்க வேண்டும். தேர்ச்சி முக்கியம். ஷிஃப்டுக்காக டிசர்டேஷனில் கோட்டை விட்டால் இந்தக் கதவும் சேர்ந்து மூடிக்கொள்கிறது.

அக்கா, ஒரே ஒரு வாரம் 23 மணி நேரம் ஆகிடுச்சு. யாருக்குத் தெரியப்போகுது?

சம்பளம் போடும்போதெல்லாம் முதலாளி வரித்துறைக்குக் கணக்கு அனுப்புகிறார். ஹோம் ஆஃபீஸ் அந்தத் தகவலைப் பார்க்க முடியும். அடுத்த விசாவுக்குப் பேஸ்லிப்பை நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கும் நிலையும் வரலாம். தெரியாமலே போய்விடும் என்ற நம்பிக்கையில் எதையும் கட்டாதீர்கள்.

செய்ய வேண்டியது: அந்த வாரத்திலேயே நிறுத்துங்கள். எப்படி நடந்தது என்று தேதியோடு எழுதி வையுங்கள், ரோட்டா மெசேஜ்கள் இருந்தால் சேமியுங்கள். பிறகு பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் ஆலோசகரைப் பாருங்கள். முதலில், நீங்கள் சொல்வதைப் பல்கலைக்கழகம் யாரிடம் தெரிவிக்க வேண்டியிருக்கும் என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள், அதில் தவறில்லை. பின்னால் எந்தப் படிவத்திலாவது விசா நிபந்தனையை மீறியதுண்டா என்று கேட்டால் இல்லை என்று பொய் சொல்லாதீர்கள். மூன்று மணி நேரத்தைவிட அந்தப் பொய் பெரிய பிரச்சினை.

மேனேஜர் 20 மட்டும் என் பேர்ல போட்டுட்டு, மீதியை வேற ஒருத்தர் பேர்ல போட்டு காசா தர்றேங்கிறார். அவருக்கும் ரிஸ்க்தானே, செய்வாரா?

அவருக்கும் ரிஸ்க்தான். அனுமதியில்லாத ஒருவரை வேலையில் வைத்தால் முதல்முறை ஓர் ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம், மறுபடி என்றால் 60,000 வரை. இருந்தும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பிடிபடும்போது ‘எனக்குத் தெரியாது, அந்தப் பையன்தான் சொல்லவில்லை’ என்று சொல்லவும் அவரால் முடியும். காகிதத்தில் இருப்பது வேறொருவர் பெயர், உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. நான் முதலில் ஒத்துக்கொண்டிருந்த ஓர் உணவகத்தில் இதே பேச்சு வந்தது. ‘எனக்கு 20 போதும் சார்’ என்றேன். அடுத்த வாரத்திலிருந்து ரோட்டாவில் என் பெயர் இல்லை. அந்தக் கடைசி வாரச் சம்பளத்துக்கு மூன்று தடவை மெயில் போட வேண்டியிருந்தது. நோட்டில் எழுதி வைத்திருந்த தேதியையும் நேரத்தையும் அப்படியே மெயிலில் இறக்கினேன், நாலாவது வாரம் வந்து சேர்ந்தது.